‘கேஸ் போய்விட்டது’ என்று யாராவது சொல்வதற்கு முன்: வீட்டு ஃப்ரீசர் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

போன கோடையில் எங்கள் வீட்டு டபுள் டோர் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் பால் திரிந்தது. மறுநாள் மாவு புளித்துப் பொங்கியது. மேலே ஃப்ரீசரில் வைத்திருந்த சாளை மட்டும் கல்லாக இருந்தது. வந்த மெக்கானிக் ஃப்ரீசருக்குள் கையை விட்டார், கம்ப்ரசரைத் தொட்டுப் பார்த்தார், இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: “கேஸ் போய்விட்டது சார்.” நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, இரவு உட்கார்ந்து ஃப்ரீசரின் பின்பக்கப் பலகையைக் கழற்றினேன். உள்ளே குளிரூட்டும் காயில், அதாவது வளைந்து வளைந்து ஓடும் குழாய்ச் சுருள், முழுக்க ஒரே பனிப்பாறை. கெட்டுப்போயிருந்தது சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு தெர்மல் ஃபியூஸ், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பொருள். கேஸ் நிரப்பச் சொன்ன தொகையில் அந்த ஃபியூஸைப் பை நிறைய வாங்கியிருக்கலாம்.

ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ் பைக்கில் ஊற்றும் பெட்ரோல் போலச் செலவாவதில்லை. பற்றவைத்து மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. குழாயில் ஓட்டை விழாதவரை இருபது வருடமானாலும் அப்படியே இருக்கும். ஆகவே ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்று ஒருவர் சொன்னால், ‘எங்கே கசிகிறது?’ என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பதில் இல்லையென்றால் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

கை வைப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வகை ஃப்ரிட்ஜ் என்றால் பிடுங்கிய பிறகும் பத்து நிமிடம் காத்திருங்கள். மின்னணு போர்டில் உள்ள கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். காயிலின் அலுமினியத் தகடுகள் பிளேடு போல வெட்டும், கையுறை வேண்டும். பின்பக்கம் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்று இருந்தால், உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், அதாவது சமையல் கேஸின் பங்காளி. அளவு குறைவுதான், வீட்டு ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் 100 கிராமுக்குள், ஆனால் தீப்பிடிக்கும். பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ வேண்டாம்.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. ஸ்டார் ஸ்குரூடிரைவர், சாதாரண மல்டிமீட்டர், தலைமுடி காயவைக்கும் டிரையர், பழைய துண்டுகள் நான்கு.

உங்களுடையது எந்த வகை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சிங்கிள் டோரில் ஃப்ரீசர் பெட்டியே குளிரும் தகடு. பனி கண்ணுக்குத் தெரியும்படி படியும், நாம் உருக்க வேண்டும். டபுள் டோரில் வழக்கமாக இருக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் குளிரும் காயில் ஃப்ரீசரின் பின்சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு ஃபேன் அந்தக் குளிரை மேலும் கீழும் அனுப்புகிறது. படியும் பனியை ஹீட்டர் ஒன்று சில மணி நேரத்துக்கு ஒருமுறை உருக்குகிறது. பாதிக் குழப்பம் இந்த வித்தியாசம் தெரியாததால் வருவதுதான்.

அறிகுறி: மேலே கல்லாக உறைகிறது, கீழே குளிரே இல்லை

ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் நான் அதிகம் பார்த்த கோளாறு இது. ‘கேஸ் போய்விட்டது’ என்ற பொய்க்கு அதிகம் பலியாவதும் இதுதான்.

முதலில் ஃபேன். ஃப்ரீசர் கதவைத் திறந்து, சட்டத்தில் இருக்கும் கதவு சுவிட்சை விரலால் அழுத்துங்கள். கம்ப்ரசர் ஓடும்போது ஃபேன் சுற்றும் ஓசையும் முகத்தில் குளிர்காற்றும் வர வேண்டும். ஓசையே இல்லையென்றால் ஃபேன் மோட்டாரோ கதவு சுவிட்சோ போயிருக்கும், அல்லது இறக்கை பனியில் சிக்கியிருக்கும். ஓசை இருந்து காற்று மட்டும் வரவில்லையென்றால் காயிலைப் பனி அடைத்திருக்கிறது.

அடுத்தது செலவில்லாத சோதனை. பொருட்களை எல்லாம் அண்டைவீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் 24 மணி நேரம் திறந்தே வையுங்கள். அடியில் துண்டு போடுங்கள், நிறையத் தண்ணீர் வரும். மறுநாள் போட்டதும் புதிது போலக் குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடியும் பழைய கதை ஆரம்பித்தால் கேஸ் நன்றாகவே இருக்கிறது. பனி உருக்கும் ஏற்பாடுதான் படுத்துவிட்டது. கேஸ் இல்லாத ஃப்ரிட்ஜ் ஒரு நாள் ஓய்வு கொடுத்ததும் உயிர் பெறாது.

இனி பலகையைக் கழற்றலாம். ஃப்ரீசரின் தட்டையும் ஐஸ் டிரேயையும் எடுத்தால் பின்சுவரில் ஒன்று முதல் நான்கு ஸ்குரூ இருக்கும். சிலவற்றின் மேல் சிறிய பிளாஸ்டிக் மூடி ஒளித்து வைத்திருக்கும். பலகை வரவில்லையென்றால் இழுக்காதீர்கள், பின்னால் பனி ஒட்டிப் பிடித்திருக்கிறது. டிரையரைச் சற்று தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் சூடு காட்டுங்கள். தண்ணீர் சொட்டும் இடத்தில் மின்கருவியோடு நிற்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். அவசரம் இல்லாதவர்களுக்கு வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதே உத்தமம்.

பலகை வந்ததும், உருக்குவதற்கு முன் பனி படிந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். காயில் முழுவதும் ஒரே சீராகப் பனி மூடியிருந்தால் கேஸ் குறையில்லை. மேலே ஒரு மூலையில் இரண்டு வளைவுகளில் மட்டும் தேங்காய்ப்பூ தூவியதுபோல வெள்ளையும், மற்ற இடமெல்லாம் வெறும் உலோகமுமாக இருந்தால்தான் கசிவையோ அடைப்பையோ சந்தேகிக்க வேண்டும். மெக்கானிக்கிடம் பேசப் போவதற்கு முன் இந்தக் காட்சியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பனி முழுக்க உருகி, எல்லாம் காய்ந்த பிறகு மீட்டரை எடுங்கள்.

தெர்மல் ஃபியூஸ்: காயிலோடு கட்டப்பட்டிருக்கும் சிறிய பொருள். மின்தடையை அளந்தால் ஏறக்குறைய சுழியம் ஓம்ஸ் காட்ட வேண்டும். எதுவும் காட்டவில்லையென்றால் எரிந்துவிட்டது.

ஹீட்டர்: காயிலின் அடியில் கண்ணாடிக் குழாயாகவோ காயிலோடு பின்னிய அலுமினியக் குழாயாகவோ இருக்கும். 230-ஐ 230-ஆல் பெருக்கி ஹீட்டரின் வாட்டால் வகுத்தால் வரவேண்டிய ஓம்ஸ் கிடைக்கும். 150 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 350, 200 வாட் என்றால் 265-ஐ ஒட்டி. முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது.

பைமெட்டல்: குளிரில் மூடி, சூடானதும் திறந்து ஹீட்டரை நிறுத்தும் சுவிட்ச். பலரை ஏமாற்றும் பொருள் இதுதான். அறை வெப்பத்தில் இது திறந்தே இருக்கும். மீட்டரில் ஒன்றும் காட்டாது. அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று நல்லதைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு, நானும் ஒருமுறை. இது நன்றாகக் குளிர்ந்தால்தான் மூடும். எவர்சில்வர் டம்ளரில் ஐஸை நொறுக்கிப் போட்டு, மூன்றில் ஒரு பங்கு கல் உப்பைக் கலந்துகொள்ளுங்கள். தூத்துக்குடிக்காரர்களுக்கு உப்புக்கு என்ன பஞ்சம்! வெறும் ஐஸ் சுழியம் டிகிரியில் நின்றுவிடும். உப்பு சேர்ந்தால் அதற்குக் கீழே பத்து டிகிரிக்கும் மேல் இறங்கும். பைமெட்டலை பிளாஸ்டிக் உறையில் போட்டு, வயர்கள் மட்டும் வெளியே நிற்க, அந்தக் கலவைக்குள் புதையுங்கள். டம்ளரின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூக்கும். ஐந்து பத்து நிமிடத்தில் ‘டிக்’ என்று விரலுக்குத் தெரியும். மீட்டர் சத்தம் கொடுக்கும். கொடுத்தால் அது நல்லது. கால் மணி நேரமாகியும் மௌனமாக இருந்தால் மாற்றுங்கள்.

டைமர்: கம்ப்ரசரையும் ஹீட்டரையும் மாற்றி மாற்றி ஓடவிடுவது. பழைய வகையில் நான்கு முனைகள் கொண்ட சிறிய பெட்டி. அதன் நடுவில் உள்ள வெட்டுவாயில் ஸ்குரூடிரைவரை வைத்துக் கடிகாரச் சுற்றாக மெதுவாகத் திருப்பினால் ‘டக்’ என்ற இடத்தில் கம்ப்ரசர் நின்று ஹீட்டர் வேலை செய்யத் தொடங்கும். சற்று நேரத்தில் உள்ளே சொட்டுத் தண்ணீர் சூட்டில் விழுந்து ‘சுர்’ என்று கேட்டால் ஹீட்டர் பாதை சரி. அரை மணி, முக்கால் மணியில் தானாகக் கம்ப்ரசர் திரும்பி ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் டைமரின் குட்டி மோட்டார் நின்றுவிட்டது. விளக்கு எரிகிறது, கம்ப்ரசர் மட்டும் ஓடவே இல்லை என்று வரும் புகார்களிலும் சில இந்த டைமர் நடுவழியில் நின்றதால் வந்தவை, திருப்பிவிட்டால் ஓடும்.

புதிய வகையில் டைமருக்குப் பதில் போர்டும், வெப்பத்தை அளக்கும் சென்சாரும். சென்சாரைக் கைக்குள் மூடிப் பிடித்தால் ஓம்ஸ் குறைய வேண்டும், ஐஸ் தண்ணீரில் முக்கினால் சீராக ஏற வேண்டும். ஏறாமல் நின்றாலோ தாவித் தாவிக் குதித்தாலோ மாற்றுங்கள். மேலே சொன்ன எல்லாம் சரி, ஆனால் ஹீட்டருக்கு மின்சாரம் வரவில்லை என்றால் போர்டு. அது வீட்டு வேலை அல்ல.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. ஃபியூஸ் கிடைக்கவில்லையென்று இரண்டு வயரையும் முறுக்கி நேராகச் சேர்ப்பது. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்படிச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார் ஒருவர். பைமெட்டல் ஒட்டிக்கொண்ட ஒருநாள் ஹீட்டர் நிற்காமல் எரிந்து, பின்பலகை அப்பளமாக வளைந்துவிட்டது. பலகையோடு போனது அவர்கள் அதிர்ஷ்டம். இணைப்புகளை பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். வெறும் கருப்பு டேப் அந்த ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது.

அறிகுறி: ‘டிக்’ என்ற ஓசை, சில நொடி முனகல், மறுபடி ‘டிக்’

கம்ப்ரசர் கிளம்ப முயன்று தோற்கிறது. ஓவர்லோடு என்ற பாதுகாப்பு சுவிட்ச் அதைத் துண்டிக்கிறது. சில நிமிடம் ஆறியதும் மறுபடி முயற்சி.

முதலில் வோல்டேஜைப் பாருங்கள். கோடையில் தெருவெல்லாம் ஏ.சி. ஓடும் இரவில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 170, 180 என்று கிடந்தால் கம்ப்ரசரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்டெபிலைசர் போதும்.

வோல்டேஜ் சரியென்றால் பின்னால் அடியில் உள்ள மூடியைக் கழற்றுங்கள். கம்ப்ரசரின் பக்கவாட்டில் செருகியிருக்கும், அதைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் ரிலேயை நேராக இழுத்து எடுத்து, காதருகே வைத்து ஆட்டுங்கள். கிலுகிலுப்பை போலச் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கும் பீங்கான் வில்லை உடைந்துவிட்டது. கருகல் நாற்றமும் இருக்கும். ரிலேயும் ஓவர்லோடும் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. எங்களைப் போலக் கடற்கரை ஊரில் இருப்பவர்கள் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், உப்புக்காற்றின் கைவண்ணம். உப்புத்தாளால் தேய்த்துச் செருகியதும் ஓடிய ஃப்ரிட்ஜுகள் உண்டு.

ரிலேயை எடுத்த இடத்தில் மூன்று முனைகள் தெரியும். அவற்றை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று எண்கள் கிடைக்கும். சிறிய இரண்டின் கூட்டுத்தொகை பெரிய எண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டும். 14, 19, 33 என்பதுபோல. கூட்டல் ஒத்துவந்து, எந்த முனைக்கும் கம்ப்ரசர் உடலுக்கும் இடையே தொடர்பு இல்லையென்றால் சுருள் நல்லது. உடலோடு தொடர்பு காட்டினால் கம்ப்ரசர் முடிந்தது. மறுபடி பிளக்கைச் செருகாதீர்கள்.

இதெல்லாம் சாதாரணக் கம்ப்ரசருக்கு. இன்வெர்ட்டர் கம்ப்ரசரில் ரிலேயே கிடையாது, மூன்று அளவுகளும் ஒன்றுபோல் இருக்கும். அதற்கு நேரடியாக 230 வோல்ட் கொடுத்து ‘ஓடுகிறதா பார்க்கலாம்’ என்று யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

அறிகுறி: சிங்கிள் டோரில் பனி மலைபோல் சேர்கிறது

அரை விரற்கடைக்கு மேல் சேர்ந்தால் உருக்க வேண்டியதுதான். தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் உள்ள பொத்தானை இரவில் அழுத்திவிட்டுத் தூங்குங்கள். உருக்கிய நான்கே நாளில் மறுபடி மூடினால் வெளிக்காற்று உள்ளே போகிறது என்று பொருள். கதவின் ரப்பர், அதாவது கேஸ்கெட்டைப் பாருங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டும். நான்கு பக்கமும், கீல் பக்கத்தையும் விடாமல் செய்யுங்கள். இரவில் விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துச் சாத்தினால் ஒளி கசியும் இடத்தில் குளிரும் கசிகிறது.

பாதி நேரம் ரப்பர் கெட்டிருக்காது. மடிப்பில் மாவும் குழம்பும் காய்ந்திருக்கும். சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். வளைந்திருந்தால் டிரையர் சூடு காட்டி நீவிவிடுங்கள். கிழிந்திருந்தால் புதியது. அது மடித்துக் கட்டித்தான் வரும்; வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து மடிப்பு நீங்கிய பிறகு மாட்டுங்கள், முதலில் நான்கு மூலைகள், பிறகு நடுப்பகுதிகள்.

கத்தி. இதைச் சொல்லாமல் போக முடியாது. ஒட்டிக்கொண்ட ஐஸ் டிரேயைக் கத்தி முனையால் நெம்பி, ‘உஸ்’ என்ற ஓசையை என் காதாலேயே கேட்டவன் நான். அந்த அலுமினியத் தகட்டுக்குள்ளேயேதான் கேஸ் ஓடும் குழாய் இருக்கிறது. அந்த ஓசைக்குப் பிறகு உண்மையாகவே கேஸ் போய்விட்டது. அடுப்பங்கரையிலிருந்து அம்மா, “என்னடா சத்தம்?” என்று கேட்டார்கள். இன்றுவரை பதில் சொல்லவில்லை.

அறிகுறி: காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர்

உருகிய நீர் இறங்கும் துளை அடைத்திருக்கிறது. கொத்தமல்லித் தழையும் பாலிதீன் துணுக்கும்தான் வழக்கமான குற்றவாளிகள். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை ஏற்றி அழுத்துங்கள். பின்னால் கம்ப்ரசர் மேலிருக்கும் தட்டில் நீர் விழும் ஓசை கேட்டால் வழி திறந்துவிட்டது. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கழன்றுகொள்ளும்.

அந்தத் தட்டையும் கையோடு கழுவிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்பும் நல்ல தண்ணீர் அங்கே தேங்குகிறது. வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

அறிகுறி: சத்தம்

கதவைத் திறந்ததும் நின்றுபோகும் சத்தம் ஃபேனுடையது, பெரும்பாலும் இறக்கை பனியில் உரசுகிறது. திறந்தாலும் தொடரும் அதிர்வு பின்பக்கத் தட்டிலிருந்தோ சுவரில் இடிக்கும் குழாயிலிருந்தோ வரும்; கையால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். பக்கச் சுவர்கள் சுடுவது புதிய ஃப்ரிட்ஜுகளில் இயல்பு. வெப்பம் வெளியேறும் குழாய் அங்கேதான் இருக்கிறது.

பாகம் வாங்கப் போகும்போது

‘டபுள் டோர், சிவப்பு நிறம், 250 லிட்டர்’ என்று கடையில் போய்ச் சொன்னால் அண்ணாச்சி சிரிப்பார். உள்சுவரிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணை, கடைசி எழுத்துகள் உட்பட, படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் விற்ற மாடலில் நடுவழியில் மோட்டாரை மாற்றியிருப்பார்கள். அந்தக் கடைசி எழுத்துதான் அதைச் சொல்லும். ரிலேக்கு ஃப்ரிட்ஜின் எண் உதவாது, கம்ப்ரசர் மேல் உள்ள எண் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய பாகத்தையே கையில் கொண்டுபோங்கள்.

ஃபேன் மோட்டாரில் 230 வோல்ட்டா 12 வோல்ட் டி.சி.யா, தண்டின் நீளம் என்ன, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்ற மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றும் மோட்டாரை மாட்டினாலும் ஃபேன் அழகாகச் சுற்றும், குளிர் மட்டும் வராது. ஃபியூஸிலும் பைமெட்டலிலும் அச்சிட்ட வெப்ப எண் பழையதில் உள்ளதாகவே இருக்க வேண்டும். 72 டிகிரி ஃபியூஸுக்குப் பதில் ‘இதுவும் ஓடும் சார்’ என்று கூடுதல் டிகிரிக்கு ஒன்றைத் தந்தால் வாங்காதீர்கள். சென்சாரில் கடைக்காரரின் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பதை நம்பவே வேண்டாம்.

ரிலே, டைமர், ஹீட்டர், கேஸ்கெட் ஆகியவற்றுக்குக் கம்பெனிப் பெயர் போடாத மாற்று கிடைக்கிறது. ஹீட்டரும் கேஸ்கெட்டும் அளவு பொருந்தினால் நான் தயங்காமல் வாங்குவேன். ரிலேயிலும் போர்டிலும் ஒரிஜினலைத் தவிர வேறு வாங்க மாட்டேன். கெப்பாசிட்டர், ஸ்லீவ் போன்ற உதிரிகளுக்குச் சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் ‘தனியாகப் பாகம் தரமாட்டோம், ஆள் வந்துதான் மாட்டுவார்’ என்றால், நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தில் உங்கள் கம்பெனி என்ன அறிவித்திருக்கிறது என்று பாருங்கள். புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உண்மையாகவே கேஸ் போயிருந்தால்

கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடுகிறது, ஃபேன் சுற்றுகிறது, காயிலில் ஒரு மூலையில் மட்டும் வெள்ளை. அப்போது ஆள் வேண்டும். ஆனால் வருகிறவரிடம் இவற்றைக் கேளுங்கள்: நைட்ரஜன் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடிப்பீர்களா? ஃபில்டர் மாற்றுவீர்களா? வேக்குவம், அதாவது குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுப்பதை, எத்தனை நேரம் போடுவீர்கள்? கேஸை எடை போட்டு ஏற்றுவீர்களா? ஸ்டிக்கரில் கிராம் கணக்கு எழுதியிருக்கிறது. ‘ஒரு குத்துமதிப்பாக’ ஏற்றுகிறவர் வேண்டாம். ஆர்-600ஏ இருந்த இடத்தில் வேறு வகை கேஸான ஆர்-134ஏ ஏற்றலாம் என்பவரும் வேண்டாம். கசிவு சுவரின் ஃபோமுக்குள் புதைந்த குழாயில் என்றால், மேலே திறக்கும் பெட்டி ஃப்ரீசர்களில் இது நடக்கும், பணம் செலவழிப்பதற்கு முன் புதியதன் விலையை விசாரித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் தட்டைத் திரும்ப வைத்துவிட்டு, குளிர்கிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்காதீர்கள். இரண்டு உறைந்த பொட்டலங்களுக்கு நடுவில் தெர்மாமீட்டரைச் செருகி, மறுநாள் இதே நேரம் பாருங்கள். மைனஸ் 18 அல்லது அதையொட்டி இருக்க வேண்டும். மாற்றிய பாகத்தின் எண்ணையும் தேதியையும் ஒரு காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜின் முதுகில் ஒட்டிவிடுங்கள். எங்களுடையதில் இப்போது இரண்டு வரி இருக்கிறது: ஃபியூஸ், கேஸ்கெட்.